ஊசிக்காரம்மா பெற்ற ஒரு டஜன்

— எத்தனைன்னு சொன்னீங்க?

— ஒரு டஜன், டாக்டர். மூணே மாசத்துல. அறுபத்தாறு வயசுல ஒரு டஜன் பிள்ளையைப் பெத்துப் போட்டுட்டு, உங்க மாடிப்படி அத்தனையும் ஏறி வந்து நிக்கிறேன். நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு நின்ன லிஃப்ட், இன்னும் எனக்காகத் துக்கம் கொண்டாடுது போல.

— உட்காருங்கம்மா. பாயிண்டுக்கு வாங்க. நாலு மணிக்குக் கமிட்டி.

— இந்த அறையில எனக்கு உட்கார்ந்து பழக்கமில்லையே. இருபத்தெட்டு வருஷம் நின்னுக்கிட்டேதானே திட்டு வாங்கினேன். சரி, இன்னைக்கு உட்கார்ந்துதான் பார்ப்போம். ஆகா! மெத்துமெத்துன்னு இருக்கு. இதுல உட்கார்ந்தா யாருக்குத்தான் பிள்ளைகுட்டி ஞாபகம் வரும்?

— வீட்டுல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்க வேண்டிய லேப் டெக்னீஷியன் திடீர்னு வந்து பிள்ளை பெத்தேன்னு சொன்னா, நான் என்னம்மா நினைக்கிறது?

— டெக்னீஷியனா வரல. மதிப்பீட்டுக் குழுவோட வெளி உறுப்பினரா வந்திருக்கேன். இந்தாங்க லெட்டர். சீலைப் பாருங்க, சாப்பாட்டுத் தட்டு அகலம். பிறந்த குழந்தைங்களுக்குச் செய்யற தைராய்டு சோதனைத் திட்டம் ஒழுங்கா நடக்குதா, நேர்ல பார்த்துச் சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. யாரை? இந்த ஊசிக்காரம்மாவை! சத்தியமாச் சொல்றேன், அதைப் படிச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டார்.

— பிள்ளைங்க கதைக்கு வாங்க.

— கதையா? ஒவ்வொண்ணையும் நொந்து பெத்தேன் டாக்டர். காலாவதியான ரத்தத்தை வாங்கினேன். தைராய்டு தூங்கிட்டா ரத்தத்துல எகிறுமே, அந்த டி.எஸ்.எச். ஹார்மோனை அதுல ஏத்தினேன். சோதனைக் கார்டுல அச்சடிச்ச வட்டத்துக்கு ஒரு சொட்டா விட்டுக் காய வெச்சேன். ஊர்லயே இல்லாத பிள்ளைக்கு ஊர்லயே இல்லாத அப்பன் ஆத்தாளை எழுதி, அஞ்சு கிளினிக் வழியா உங்க லேபுக்கே அனுப்பி வெச்சேன். எல்லாம் குழு கொடுத்த அனுமதி. தாயோட போன் நம்பர்னு கேட்ட இடத்துல என் நம்பர். பிள்ளைக்கு ஒண்ணா தனித்தனி சிம். பை நிறைய போனோட மூணு மாசம் திரிஞ்சேன். காய்கறிக் கடையில நின்னாலும் கிணிகிணி, குளிக்கப் போனாலும் கிணிகிணி. மாட்டுக் கழுத்து மணி தோத்துது போங்க.

— எதுக்கு இந்தக் கூத்து?

— நீங்க எத்தனையாவது நாள்ல தாயைக் கூப்பிடறீங்கன்னு பார்க்கத்தான். அதோ உங்க தலைக்கு மேல தொங்குதே, பச்சை மையில, 'கார்டு வந்து இரண்டே நாளில் முடிவு'ன்னு. அந்த இரண்டு நாளை ஒரு தடவையாவது கண்ணால பார்த்துட்டுக் கண்ணை மூடணும்னு ஆசை.

— அது பொய் இல்ல. ரெஜிஸ்டர் இருக்கு. வந்த தேதி முத்திரை, முடிவு தேதி முத்திரை. கழிச்சுப் பாருங்க, இரண்டு நாள்தான் வரும்.

— வரும், வரும். ஏன் வராது? தபால் பை வந்ததும் நேரா ஃபிரிட்ஜுக்குள்ள போகுது. அங்க பத்து நாள் விறைச்சுக் கிடக்குது. என்னைக்குப் பையைப் பிரிக்கிறீங்களோ, அன்னைக்குத்தான் அதுக்கு 'வந்த தேதி' முத்திரை. கல்யாண மண்டபத்து வாசல்ல ஆளைப் பத்து மணி நேரம் நிக்க வெச்சுட்டு, உள்ள விட்டதும் 'இப்பதான் வந்தாங்க, உடனே சாப்பாடு போட்டுட்டோம்'னு சொல்ற மாதிரி. பைக்கு அடியில பென்சில்ல தேதி குறிச்சு அனுப்பினேன் டாக்டர். என் மூத்தவன் உங்க ஃபிரிட்ஜுல எத்தனை நாள் படுத்திருந்தான்னு எனக்குத் தெரியும்.

— தட்டு நிரம்பாம மிஷினை ஓட்ட முடியாதும்மா. அது உங்களுக்கே தெரியும். ஒரு தட்டுல தொண்ணூத்தாறு குழி. பாதி காலியா ஓட்டினா பாதி மருந்து வீண். ஆவணியிலயே கிட் தீர்ந்துடும். அப்புறம் வருஷம் முடியற வரைக்கும் பிறக்கிற ஒரு பிள்ளைக்கும் சோதனை கிடையாது. அது பரவாயில்லையா? ரூல் எழுதினவன் முட்டாள் இல்ல.

— ரூல் எழுதினவர் நீங்கதான்.

— ஆமா. நான்தான். பத்து நாள் தாமதமா எல்லாப் பிள்ளைக்கும் சோதனையா, இல்ல நாலு மாசம் ஒருத்தருக்குமே இல்லையான்னு கேட்டாங்க. நான் தேர்ந்தெடுத்தேன். நீங்க எனக்குப் பட்டப்பேர் வெச்சீங்க.

— தட்டு டாக்டர்! எவ்வளவு பொருத்தம்!

— என் பொண்ணு கல்யாணத்துல, சம்பந்தி பக்கத்துல நிக்கும்போது, எவனோ ஒருத்தன் 'வணக்கம் தட்டு டாக்டர்'னான். சம்பந்தி இன்னைக்கு வரைக்கும் நான் ஏதோ பாத்திர வியாபாரம் பண்ணினவன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்.

— ஐயோ, இதை யாருமே எனக்குச் சொல்லலையே! இத்தனை வருஷமா இந்த சந்தோஷம் இல்லாமலேயே வாழ்ந்திருக்கேனே!

— சிரிங்க. மேலிடத்துக்கு நாப்பத்தோரு மொட்டைக் கடிதாசி போட்டீங்களே, அதையும் நினைச்சுச் சிரிங்க.

— நாப்பத்தொண்ணா? நான் போட்டது முப்பத்தொன்பதுதான்.

— நாப்பத்தொண்ணு. எண்ணி வெச்சிருக்கேன்.

— அப்போ அதுல ரெண்டு என்னுது இல்ல. உங்களைப் பிடிக்காதவ நான் ஒருத்தி மட்டும்தான்னு நினைச்சீங்களா? எல்லாத்தையும் என் தலையிலயே கட்டிடுவீங்க. அது உங்க பழைய வியாதி. இதோ பாருங்க அதுக்குச் சான்று. ஞாபகம் இருக்கா இந்தக் காகிதம்?

— என்ன அது?

— ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நீங்க எனக்குக் கொடுத்த மெமோ. மடிச்சு மடிச்சு, மடிப்புல கிழிஞ்சு, டேப் ஒட்டி வெச்சிருக்கேன். நானே படிக்கட்டுமா? 'மேற்படி டெக்னீஷியன் சோதனைக் கார்டைத் தவற விட்டதால், ஒரு பெண் குழந்தைக்கு அறுபத்தெட்டு நாள் தாமதமாகச் சிகிச்சை தொடங்கப்பட்டது.' தவற விட்டதால்! கார்டு எங்க இருந்துச்சு டாக்டர்? உங்க ஃபிரிட்ஜுல. எதுக்கு? தட்டு நிரம்பட்டும்னு. அப்புறம் லீவு வந்துச்சு, அப்புறம் மிஷின் ரிப்பேர், அப்புறம் பழைய பைக்கு மேல புதுப் பை. அதைத் தோண்டி எடுத்தவளே நான். எடுத்துக்கிட்டு இந்த அறைக்கு ஓடி வந்தேன். நீங்க என்ன பண்ணீங்க?

— விசாரணை வந்தது. யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும்.

— யாராவது ஒருத்தர்! ரெண்டு வருஷம் ஸ்டோர்ல உட்கார்ந்து பஞ்சு எண்ணினேன். கையுறை எண்ணினேன். சத்தியமாச் சொல்றேன், அந்த ரெண்டு வருஷத்துல நான் எண்ணின பஞ்சை விரிச்சா நிலா வரைக்கும் மெத்தை போடலாம். ரிட்டயர் ஆன அன்னைக்கு ஒரு டீ கொடுத்தீங்க. பிஸ்கட் கூட இல்ல. ஆறிப்போன டீ. அதைக் குடிச்சுட்டு, உங்க கதவுக்கு வெளியில நின்னு ஒரு சபதம் போட்டேன். இதே அறைக்கு வருவேன், இதே ஆளு எதிர்ல உட்காருவேன், இந்த மெமோவை அவர் வாயாலயே வாபஸ் வாங்க வெப்பேன்னு.

— அதான் விஷயமா? இத்தனை போனும் இத்தனை சிம்மும் ஒரு மெமோவுக்காகவா?

— மெமோவுக்காகவும்தான். அந்தப் பொண்ணுக்காகவும்தான். அவளை நீங்க பார்த்ததில்ல. நான் வருஷா வருஷம் போய்ப் பார்க்கறேன். இப்ப ஒன்பது வயசு. சட்டைப் பட்டன் போடத் தெரியாது. மூணாவது தடவையா ஒண்ணாங் கிளாஸ். என்னைப் பார்த்தா 'ஊசி அத்தை'ன்னு ஓடி வந்து கட்டிக்குவா. அவ அம்மா ஒரு தடவை சொன்னா: 'பிறந்தப்போ ரொம்ப சமத்துக்கா. பால் கூடக் கேக்காது. அழவே அழாது. ஊரே கண்ணு வெச்சுது.' டாக்டர், எனக்கு அன்னையிலேருந்து 'சமத்து'ங்கிற வார்த்தை காதுல விழுந்தா, அந்தப் பிள்ளைக்குக் கார்டு எடுத்தாச்சான்னு கேட்டுட்டுத்தான் நகர்றேன். கழுத்துல இருக்கிற சுரப்பி தூங்கிட்டா பிள்ளையும் தூங்கும். மூளையும் தூங்கிடும். ஊர் சமத்துங்கும். ரெண்டு வாரத்துக்குள்ள கண்டுபிடிச்சா, குன்றிமணி அளவு மாத்திரை. பொடிச்சுத் தாய்ப்பால்ல கொடுத்தா அவ்வளவுதான், பிள்ளை எல்லாப் பிள்ளையையும் போல அழுது ஊரைக் கூட்டும்.

— எனக்கே பாடமா?

— இது உங்களுக்கு இல்ல. ரிப்போர்ட்டோட முதல் பக்கம். நாலு மணிக்குக் கமிட்டி முன்னாடி வாசிக்கணும்ல, ஒரு ஒத்திகை. ரெண்டாவது பக்கம் இன்னும் ருசியா இருக்கும், கேளுங்க. என் மூத்தவன், நெட்டையனுக்கு உங்க போன் வந்தது பதினாறாவது நாள். ரெண்டாவது, கோணமூக்கிக்கு இருபது. ரெட்டையரை ஒரே தபால்ல அனுப்பினேன், ஒருத்தனுக்குப் பதினெட்டு, இன்னொருத்தனுக்கு இருபத்தஞ்சு. அஞ்சாவது, தொந்திக்கு இருபத்திமூணு. ஆறாவது, சுருட்டைக்கு முப்பத்தொண்ணு! முப்பத்தொரு நாள்ல என் சுருட்டை எழுந்து நடந்தே வந்து உங்களைக் கேட்டிருப்பான், 'என்ன தாத்தா, என் ரிசல்ட் வந்துச்சா'ன்னு. அதுக்கப்புறம் ஒரு போனும் கிடையாது. மிச்சப் பிள்ளைங்களை நீங்க கூப்பிடவே இல்ல. சுத்தமா இல்ல. பைக்குள்ள போனெல்லாம் ஊமையாப் போச்சு. உங்களுக்கு அடுத்த மாசம் ரிட்டயர்மெண்ட். நீட்டிப்புக் கேட்டிருக்கீங்க. இந்தத் திட்டத்தை எல்லா ஜில்லாவுக்கும் உங்க தலைமையில கொண்டு போறதாப் பேச்சு. இந்த ரெண்டாவது பக்கத்தை வாசிச்ச பிறகு, பஞ்சு எண்ணக் கூட உங்களை விடமாட்டாங்க.

— முடிச்சுட்டீங்களா?

— கடைசியா ஒண்ணு. இதோ வாபஸ் கடிதம். நானே டைப் அடிச்சுக் கொண்டு வந்துட்டேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம். 'தவறு டெக்னீஷியனுடையது அல்ல, என்னுடையது.' கீழ ஒரு கையெழுத்து. போட்டா, ரெண்டாவது பக்கத்துல ஒண்ணு ரெண்டு வார்த்தையை மெதுவாக்குவேன். போடலேன்னா, ஒண்ணு ரெண்டு வார்த்தையைக் கூராக்குவேன்.

— ரைட். இப்ப நான் பேசலாமா?

— பேசுங்க, பேசுங்க. குற்றவாளிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கணும்.

— ஆறு பேரைக் கூப்பிட்டோம். சரி. மிச்சப் பேரை ஏன் கூப்பிடலைன்னு கேட்டீங்களா?

— கேக்கல. தட்டு நிரம்பலைன்னு சொல்லுவீங்க.

— நிரம்பிச்சு. ஓட்டினோம். முடிவும் வந்தது. நான்தான் கூப்பிட வேண்டாம்னு சொன்னேன்.

— என்னது?

— சிரிப்பு நின்னுடுச்சே? இருங்க. இப்ப எனக்கு முறை. இந்த லேப்ல ஒரு வருஷத்துக்கே ஏழெட்டுப் பிள்ளைக்கு மேல தைராய்டு வந்ததில்ல. திடீர்னு ரெண்டு மாசத்துல ஆறு. ஆறுக்கும் போன் போட்டோம். 'உடனே கொண்டு வர்றேன்'னாங்க, ஒருத்தியும் வரல. போன் பண்ற பொண்ணு எங்கிட்ட வந்து சொன்னா: 'சார், ஆறு அம்மாவுக்கும் ஒரே குரல். ஒருத்தி மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசறா, ஒருத்தி வாயில தண்ணி வெச்சுக்கிட்டுப் பேசறா.'

— சுருட்டையோட அம்மாவுக்கு ஜலதோஷம்.

— கார்டை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் புரிஞ்சது. ஏன்னு கேளுங்க.

— ஏன்?

— வட்டம். நம்ம ஊர் நர்ஸுங்க அனுப்பற கார்டை நீங்க பார்த்ததில்லையா? ஒரு வட்டத்துல பாதி, இன்னொண்ணுல வழிஞ்சு, சொட்டு மேல சொட்டு. குழந்தை உதைச்ச கறை வேற. இந்தக் கார்டுங்க மட்டும் கோலிக்குண்டு மாதிரி. கோட்டுக்குள்ள, விளிம்பு பிசகாம, பின்பக்கம் வரைக்கும் ஊறி. என் சர்வீஸ்லயே இவ்வளவு சுத்தமா வட்டம் நிரப்பினது ஒரே ஒரு கை. உங்க கை.

— டாக்டர்... இருபத்தெட்டு வருஷத்துல நீங்க என்னைப் பாராட்டறது இதான் முதல் தடவை. இதை எழுதிக் கொடுப்பீங்களா? மெமோ பக்கத்துல வெச்சுக்கறேன்.

— பாராட்டு இல்ல, பொறி. அன்னையிலேருந்து மூணு வாரமா, முடிவுல அளவு அதிகமா வந்து வட்டமும் அழகா இருந்தா, கார்டு நேரா இந்த மேஜை டிராயருக்குத்தான் வரும். போன் கிடையாது. ஏன் தெரியுமா? மறைமுகச் சோதனைன்னா மறைவா இருக்கணும். நான் கண்டுபிடிச்சுட்டா அது சோதனையே இல்ல, விளையாட்டு. நாலு மணிக்கு நீங்க ரெண்டாவது பக்கத்தைத் திருப்பும்போது, நான் அந்தக் கார்டுங்க இருக்கிற இந்தக் கவரை மேஜை மேல வெப்பேன். 'கமிட்டித் தலைவர் மேடம், மதிப்பீடு பண்ண வந்தவங்களுக்கு என் மேல பழைய பகை இருக்கு. கள்ளக் கார்டு அனுப்பினாங்க. நான் பிடிச்சுட்டேன். இந்த ரிப்போர்ட் செல்லாது.' அவ்வளவுதான். உங்க சபதம் என் குப்பைத் தொட்டிக்கு.

— அட! தட்டு டாக்டருக்குள்ள இப்படி ஒரு திருட்டு மூளையா? இத்தனை வருஷம் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? இந்த மூளையில கால்வாசியை லேபுக்குச் செலவு பண்ணியிருந்தா ஃபிரிட்ஜ் காலியாகி இருக்குமே.

— பாராட்டுக்கு நன்றி.

— ஆனா தோத்தது நீங்கதான். முதல் ஆறும் மறைவாத்தானே வந்துச்சு? பதினாறுலேருந்து முப்பத்தொண்ணு வரைக்கும். அது செல்லும். மிச்சத்தை வேணும்னா நீங்களே வெச்சு வளர்த்துக்கோங்க.

— கமிட்டி முடிவு பண்ணட்டும். இந்தாங்க, பார்த்துக்கோங்க. ஆறு கூப்பிட்டது, ஆறு இந்தக் கவர்ல. ஆறும் ஆறும் பன்னிரண்டு. நீங்க சொன்ன டஜன். ஒண்ணு கூட என் கையிலேருந்து தப்பல.

— கொடுங்க இப்படி. என் வயித்துப் பிள்ளைங்களை மேஜை டிராயர்ல அடைச்சு வெச்சிருக்கீங்களே. வாங்க என் ராசாக்களா. இது கறுப்பி. மூணு கிலோ இருநூறு. இது சப்பாணி. மூணு கிலோ நூறு. என் பிள்ளைங்க ஒண்ணும் மூணு கிலோவுக்குக் குறையாது டாக்டர், நல்ல ஊட்டம். இது பட்டு. பட்டோட வட்டத்தைப் பாருங்க, காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி. இதுக்கு மட்டும் ஒரு சாயங்காலம் பூரா ஆச்சு. இது முண்டக்கண்ணன். இது கடைக்குட்டி, என் செல்லம், இதுக்கு மேல தாங்காதுன்னு நிறுத்திட்டேன்.

— இன்னொண்ணு இருக்கு.

— எது?

— கவருக்குள்ள. ஒட்டிக்கிட்டிருக்கு. எடுங்க.

— எடுத்துட்டேன். இருங்க, வெளிச்சத்துல பிடிக்கறேன்.

— என்னம்மா?

— இது யாரு?

— யாருன்னா? உங்க பன்னிரண்டாவது.

— ரெண்டு கிலோ அறுநூறு.

— அதுக்கென்ன? ஒண்ணு ஒல்லியாப் பிறந்திருக்கும். நீங்க எழுதினதுதானே.

— டாக்டர், நான் கடைக்குட்டியோட நிறுத்திட்டேன்.

— விளையாடாதீங்க.

— இது என் கையெழுத்து இல்ல. பாருங்க. சாய்ஞ்ச எழுத்து. நீல மை. நான் எழுதினது எல்லாம் கறுப்பு.

— நீங்கதானே டஜன்னு சொன்னீங்க! வாசல்ல நுழைஞ்சதும் முதல் வார்த்தையே அதானே!

— நான் என்னைக்கு டாக்டர் சரியாச் சொல்லியிருக்கேன்! எட்டை எண்பதுன்னு சொல்ற வாய் இது, உங்களுக்குத் தெரியாதா? பதினொண்ணுன்னா கேக்க நல்லாயில்ல, அதான் டஜன்னேன். நான் அனுப்பினது பதினொண்ணு.

— வட்டம்... வட்டத்தைப் பாருங்க. உங்க வட்டம்தான் அது. வேற யாரு இப்படி நிரப்புவா?

— எந்தக் கிளினிக்? நீங்களே படிங்க.

— ஆத்துப்பாலம் கிளினிக்.

— அங்க நான் கார்டே கொடுக்கல.

— அப்புறம்?

— அது ஆறாவது கிளினிக். கார்டு கொடுக்கத்தான் போனேன். ஒரு நர்ஸு. புதுசு, குட்டையா, கண்ணாடி போட்ட பொண்ணு. குழந்தையோட குதிகாலைப் பிழிஞ்சு கார்டுல மெழுகிக்கிட்டு இருந்தா. எனக்குப் பொறுக்கல. வந்த வேலையை விட்டுட்டு அவளை உட்கார வெச்சேன். குதிகாலைச் சூடு பண்ணு, முதல் சொட்டைத் துடை, பெரிய சொட்டு தானா வரட்டும், வட்டத்துக்கு ஒண்ணு, ஒரே ஒண்ணு, தொடாதே, படுக்க வெச்சுக் காய விடுன்னு மத்தியானம் பூரா சொல்லிக் கொடுத்தேன். 'இனிமே இப்படியே எடுக்கறேம்மா'ன்னா. எனக்கு அவ்வளவு பெருமை. கார்டு கொடுக்கறதையே மறந்துட்டு வந்துட்டேன்.

— கடவுளே.

— அவ சொன்ன மாதிரியே எடுத்திருக்கா டாக்டர். ஒரு குறை இல்லாம எடுத்திருக்கா.

— இருங்க. பதறாதீங்க. முடிவைப் பார்ப்போம். எல்லை ஓரத்துல இருந்தா...

— ஸ்டிக்கர் பின்னாடி ஒட்டியிருக்கு.

— நூத்தி அறுபத்தெட்டு.

— இருபதைத் தாண்டினாலே கூப்பிடணும்.

— தெரியும்.

— எப்ப வந்த முடிவு?

— ஒன்பது நாள் முன்னாடி.

— ஒன்பது நாளா இந்த மேஜை டிராயருக்குள்ள. அதுக்கு முன்னாடி ஃபிரிட்ஜுல. பிறந்த தேதி?

— இன்னையோட இருபத்தாறு நாள். ...அம்மா, கேளுங்க. நான் அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடறேன். மெமோ வாபஸ். இப்பவே போடறேன். ஆனா இந்த ஒரு கார்டு மட்டும், கமிட்டியில...

— பேனாவை வைங்க.

— இது வெளியில போனா என் கதை மட்டும் இல்ல, உங்க கதையும்தான். கள்ளக் கார்டு அனுப்பினது நீங்க. உங்களால தான் நான்...

— ஆமா. என்னாலயும்தான். ரெண்டு கிழட்டு மாடு முட்டிக்கிட்டதுல நடுவுல ஒரு பிள்ளை. எழுதிக்கறேன், மூணாவது பக்கம், உங்க பேர் முதல்ல, என் பேர் அடுத்தது. இப்ப போனை எடுங்க.

— மணி மூணே முக்கால்.

— கமிட்டி காத்திருக்கட்டும். தட்டு நிரம்பட்டும்னு பிள்ளைங்க காத்திருக்கல? நம்பரை நான் படிக்கறேன், நீங்க அழுத்துங்க. ...மெதுவா. கடைசி ரெண்டும் ஏழு.

— அடிக்குது.

— ஸ்பீக்கர்ல போடுங்க. சாயந்திரத்துக்குள்ள பிள்ளையைக் கொண்டு வரச் சொல்லணும். இல்ல, வேண்டாம், நாமளே போவோம், உங்க காரை எடுங்க. மாத்திரை ஃபார்மசியில இருக்கா?

— இருக்கு. என்னன்னு ஆரம்பிக்கிறது?

— 'பயப்படாதீங்க, சின்ன டெஸ்ட்'னு. போன் பண்ற பொண்ணுக்கு நீங்க எழுதிக் கொடுத்த வசனம்தானே, மறந்துபோச்சா?

— ஹலோ... வணக்கம்மா. நாங்க லேப்லேருந்து பேசறோம். உங்க குழந்தை பிறந்தப்போ குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்களே, அது விஷயமா. பயப்படாதீங்க. குழந்தை எப்படி இருக்கு?

— நல்லா இருக்குங்க. தூங்குது. இத்தனை நாளா போன் வரலையே, ஒண்ணும் இல்லைன்னு நிம்மதியா இருந்தோம். எங்க பொண்ணு ரொம்ப சமத்துங்க. இருபத்தாறு நாளாச்சு, ஒரு தடவை கூட அழுது எங்களை எழுப்பினதே இல்ல.